கண்ணுக்குப் புலப்படாத கறுப்புப் பனி

மார்கழி மாதத்து விடியற்காலையில், நம் ஊர்க் கோயில்களிலே திருவெம்பாவைக்கு மணி ஒலிக்கும் நாலரை மணி வேளையில், கனடா நாட்டின் ரொறன்ரோ நகரிலே முதல் நாள் மாலை ஆறு மணியாகும். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இந்த வருஷம் பனி கடுமைதான்" என்று ஒருவருக்கொருவர் கூறியவாறு நாம் கோயிலுக்கு நடக்கும் அந்நேரத்தில், அங்கே நம்மவர் ஆயிரக்கணக்கானோர் வேலை முடித்து மோட்டார் வண்டிகளிலே வீடு திரும்பிக்கொண்டிருப்பர். அவர்களும் பனியைப் பற்றித்தான் பேசிக்கொள்வர். சொல் ஒன்றாயினும் பொருள் வெகு தூரம்.

நம் மொழியில் 'பனி' என்னும் சொல்லின் தலையில் அதிக பாரம் ஏற்றப்பட்டிருக்கின்றது. புல்நுனியிலே முத்துப்போல் நிற்பதும் பனி. நுவரெலியா வீதியை மறைத்துப் படரும் புகாரும் பனி. இமயத்துச் சிகரங்களில் யுகயுகமாக உறைந்து கிடப்பதும் பனி. குளிர் நாட்டாரோ இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பெயரிட்டிருக்கின்றனர். ஒன்றின்மேல் நடக்கலாம், ஒன்றின்மேல் சறுக்கி விளையாடலாம், ஒன்று உயிரைக் குடிக்கும் என்றிருக்கும்போது பெயரைப் பிரித்து வைத்தல் அவசியமாகிவிடுகின்றதல்லவா? அவற்றுள் உயிரைக் குடிப்பதாகிய ஒன்றை ஆங்கிலேயர் 'பிளாக் ஐஸ்' என்பர். கறுப்புப் பனி என்று நாம் அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

பெயரைக் கேட்டு, அது மைபோற் கறுத்திருக்கும் என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. அதற்கு நிறமே கிடையாது. தார் வீதியின் மேல் மிக மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றைப் பரப்பிவிட்டாற்போல் நீர் உறைந்து கிடக்கும். கீழேயுள்ள தாரின் கருமை அதனூடாகத் தெரிவதாலேயே அந்தப் பெயர் வந்தது. கற்கண்டுக் கட்டியை வெளிச்சத்திற் பிடித்தால் ஒளி ஊடுருவுகின்றது. அதனையே அம்மியில் வைத்துப் பொடியாக்கினால் சுண்ணாம்புபோல் வெளுத்துவிடுகின்றது. பொடியின் எண்ணற்ற முகங்களும் இடையிலகப்பட்ட காற்றும் ஒளியைச் சிதறச் செய்வதே காரணம். வானத்திலிருந்து விழும் வெண்பனி அந்தப் பொடியைப் போன்றது. தூரத்திலேயே கண்ணிற் படும். கறுப்புப் பனி, காற்றுக் குமிழிகள் அகப்படாமல் உறைந்த கற்கண்டைப் போன்றது. வண்டியோட்டுபவனுக்கு, சற்று முன் மழை தூறி ஈரமாகிய வீதியைப் போலவே அது காட்சியளிக்கும்.

சேருக்கு வந்த செய்தி

இவ்விஷயத்தில் நமக்கு அக்கறை பிறந்த கதை ஒன்றுண்டு. நம்மிடம் உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் கற்ற மாணவர் ஒருவர் சில வருடங்களுக்கு முன் கனடாவுக்குச் சென்றார். ரொறன்ரோவின் கிழக்கேயுள்ள ஸ்காபரோவில் தமையனார் வீட்டிலே தங்கி, இரவு வேளையில் ஒரு பண்டசாலையில் வேலை செய்துவந்தார். கெட்டிக்காரப் பிள்ளை. உராய்வு பற்றிய கணக்குகளை நாம் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவார்.

2022ஆம் ஆண்டு டிசெம்பர் முதல் வாரத்தில், வேலை முடிந்து விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவர் தமது பழைய வானிலே வீடு திரும்பினார். மழை இல்லை, வெண்பனி இல்லை, வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்திருந்தது. வானின் முன்பலகையிலிருந்த வெப்பமானி 2 பாகை என்று காட்டிற்று. நீர் உறைவதற்குச் சைபர் பாகையாக வேண்டும் என்பதை நாமே அவருக்குக் கற்பித்திருந்தபடியால், அவர் பயமின்றி வந்தார். வீதியும் நல்ல பிடிமானத்தோடுதான் இருந்தது. சிற்றாறு ஒன்றைக் கடக்கும் பாலத்திலே வான் ஏறியதும், முன்னே சென்ற வண்டியின் சிவப்பு விளக்கைக் கண்டு பிறேக்கை மிதித்தார். வான் கேட்கவில்லை. சத்தமும் இல்லை, குலுக்கமும் இல்லை. எண்ணெய் பூசிய பலகையில் வைத்த பொருள்போல் அது தன் பாட்டுக்குச் சென்று, பின்புறம் விலகி, பாலத்தோரத்து இரும்பு வேலியில் மோதி நின்றது. தோள் எலும்பு முறிந்தது. பின்னால் வந்த வண்டிக்காரர் எப்படியோ தப்பினார்.

ஊரிலிருந்த தாயாருக்கு இரண்டு கிழமைகளாக விஷயம் மறைக்கப்பட்டது. நமக்கோ வைத்தியசாலைக் கட்டிலிலிருந்தே கைத்தொலைபேசியில் ஒரு குரற்பதிவு வந்து சேர்ந்தது. சிரித்தபடிதான் பேசினார். "சேர், நீங்கள் படிப்பிச்ச மியூ இதுதானா?" என்று கேட்டார்.

உராய்வுக் குணகத்துக்கு நாம் இடும் கிரேக்க எழுத்தே அந்த மியூ. பரீட்சைத் தாளில் அதன் பெறுமானம் எப்பொழுதும் தரப்பட்டிருக்கும். வீதியில் அதனை எவரும் எழுதி வைப்பதில்லை. அன்று தொடக்கம் இவ்விஷயத்தைத் தேடிப் படித்தோம். படித்தவற்றிற் சிலவற்றை, பிள்ளைகளைக் குளிர் நாடுகளுக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரும், அனுப்பப்படக் காத்திருக்கும் மாணவரும் அறிந்திருத்தல் நலமெனக் கருதி இங்கு எழுதுகின்றோம்.

இரண்டு பாகையிலே நீர் உறைந்தது எவ்வாறு?

வானொலியிற் கூறப்படும் வெப்பநிலையும் வண்டியிற் காட்டப்படும் வெப்பநிலையும் காற்றினுடையவை. வீதியின் வெப்பநிலை அதுவன்று. மேகமற்ற இரவில், நிலம் பகலிற் பெற்ற வெப்பத்தைக் கதிராக வானத்துக்கு வீசிவிடுகின்றது. மேகம் இருந்தாற் போர்வைபோல் அதனைத் தடுத்துத் திருப்பும். இல்லையேல் வெப்பம் போனது போனதுதான். இதனால் வீதியின் மேற்பரப்பு, அதன்மேல் உலவும் காற்றைவிடச் சில பாகைகள் அதிகமாகக் குளிர்ந்துவிடும். காற்று 2 அல்லது 3 பாகையில் இருக்கையிலேயே தார் சைபருக்குக் கீழே இறங்கிவிடலாம். மாலையிற் சிறிது உருகி ஓடிய வெண்பனியின் நீரோ, மூடுபனியின் ஈரமோ, காற்றிலிருந்து படிந்த நீராவியோ அப்பொழுது அங்கே இருந்தாற் போதும்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விந்தையன்று. வட இந்தியாவில் அலகாபாத் பக்கத்தில் வாழ்ந்த நம்மவர்கள், இயந்திரம் எதுவுமில்லாத காலத்திலே இதே முறையால் பனிக்கட்டி செய்து விற்றனர். திறந்த வெளியிற் குழி வெட்டி, வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஆழமற்ற மட்பாத்திரங்களில் நீர் வார்த்து வைப்பர். தெளிந்த மாரிக்கால இரவில், காற்று உறைநிலைக்கு மேலிருக்கும்போதே அந்நீர் உறைந்திருக்கும். சேர் ரொபேர்ட் பார்க்கர் என்னும் ஆங்கிலேயர் இதனைக் கண்டு வியந்து, 1775ஆம் ஆண்டில் லண்டன் ரோயல் சங்கத்துக்கு எழுதினார். வில்லியம் சாள்ஸ் வெல்ஸ் என்ற வைத்தியர் 1814இல் பனித்துளியைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் இதன் காரணத்தை விளக்கினார். நம் மலைநாட்டிலும் தை, மாசி மாதத்துத் தெளிந்த இரவுகளுக்குப் பின் சில நாட்களில் புல்லின் மேலும் தேயிலைக் கொழுந்தின் மேலும் வெள்ளையாக உறைபனி படிந்து, வெயில் ஏறியதும் கொழுந்து கருகிப்போவதைத் தோட்டத்து மக்கள் அறிவர். காரணம் ஒன்றே.

பாலத்துக்கு வருவோம். நிலத்தின் மேலுள்ள வீதிக்குக் கீழே, கோடையிற் சேமித்த வெப்பம் மண்ணில் இன்னமும் மிஞ்சியிருந்து, சிறிது சிறிதாக மேலேறி வரும். பாலத்துக்கு அந்த உதவி இல்லை. மேலும் காற்று, கீழும் காற்று. ஆகவே வீதியெங்கும் ஈரமாகவே இருக்கையில் பாலம் மாத்திரம் உறைந்துவிடுகின்றது. பாலம் வீதிக்கு முன்னதாக உறையும் என்று எச்சரிக்கும் பலகைகளை அமெரிக்கப் பெருந்தெருக்களிற் பல இடங்களில் நாட்டியிருக்கின்றனர். மரநிழல் விழும் வளைவுகளும், மலைச்சரிவின் மறைவில் வெயில் படாத துண்டுகளும் இத்தகையனவே. நூறு மீற்றர் நல்ல வீதி, பத்து மீற்றர் பனி, மறுபடியும் நல்ல வீதி என்று வரும்போது, முன்னே கடந்த நூறு மீற்றரே சாரதியை ஏமாற்றிவிடுகின்றது.

ஏன் வழுக்குகின்றது?

இக்கேள்விக்கு நாம் பல்லாண்டு காலம் வகுப்பிற் கூறிவந்த விடை தவறு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பனிக்கட்டியை அமுக்கினால் அதன் உருகுநிலை குறையும். எனவே வண்டியின் பாரத்தால் மேற்பரப்பு உருகி வழுக்குகின்றது என்று பழைய பாடநூல்கள் கூறின. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. ஒரு வளிமண்டல அமுக்கத்துக்கு உருகுநிலை ஒரு பாகையின் நூற்றிலொரு பங்குகூடக் குறைவதில்லை. மோட்டார் வண்டியின் டயர் வீதியை அமுக்குவதோ இரண்டு மூன்று வளிமண்டல அளவுதான்.

மைக்கேல் பரடே 1850ஆம் ஆண்டிலேயே வேறொன்றைக் கூறியிருந்தார். பனிக்கட்டியின் மேற்பரப்பிலே, உறைநிலைக்குக் கீழும், மிக மெல்லிய நீர்த்தன்மையுள்ள படையொன்று எப்பொழுதும் இருக்கின்றது என்பது அவர் கருத்து. இரண்டு பனிக்கட்டித் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்தால் ஒட்டிக்கொள்வதை அவர் அதற்குச் சான்றாகக் காட்டினார். உள்ளேயுள்ள மூலக்கூறுகளுக்கு எல்லாப் பக்கத்திலும் பிடிப்பு உண்டு. மேற்பரப்பிலுள்ளவற்றுக்கு ஒரு பக்கம் பிடிப்பில்லை. ஆகவே அவை தளர்ந்து அலைகின்றன என்று இன்று விளக்குகின்றனர். இதனோடு, டயர் உரசுவதால் எழும் வெப்பமும் 1939இல் பௌடன், ஹியூஸ் என்னும் இருவர் காட்டியவாறு மேலும் சிறிது நீரை உண்டாக்குகின்றது. இதிலிருந்து, நாம் எதிர்பாராத ஒரு முடிவு பிறக்கின்றது. கடுங்குளிரில் இறுகிய பனிக்கட்டியைவிட, சைபர் பாகையை அண்மித்து ஈரம் கசியும் பனிக்கட்டியே டயருக்கு அதிகம் வழுக்கும். சைபருக்குக் கீழ் 20 பாகையென்று கேட்டதும் நாம் இங்கிருந்து நடுங்குகின்றோம். வீதியைப் பொறுத்தமட்டில், சைபரைச் சுற்றி ஏறியிறங்கும் நாட்களே கூடிய அபாயமுள்ளவை.

இனி மாணவருக்காக ஒரு சிறு கணக்கு. நகரும் வண்டியொன்று பிறேக் பிடித்தபின் நிற்க எடுக்கும் தூரம், வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகத்தினதும் புவியீர்ப்பு ஆர்முடுகலினதும் பெருக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் வரும். வரண்ட தார் வீதியில் மியூ ஏறக்குறைய 0.7; பனிக்கட்டியில் 0.1 அல்லது அதிலும் குறைவு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி வரண்ட வீதியில் 14 மீற்றரில் நின்றுவிடும். பனிக்கட்டியில் 98 மீற்றர் செல்லும். உதைபந்தாட்ட மைதானத்தின் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம் வரையென்று வைத்துக்கொள்ளலாம். வேகம் 100 கிலோமீற்றராயின் 56 மீற்றருக்குப் பதிலாக ஏறக்குறைய 394 மீற்றர். இல்ல விளையாட்டுப் போட்டியில் மைதானத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி ஓடும் தூரம். சாரதி கண்டு, எண்ணி, காலை எடுத்து வைக்கும் நேரத்திற் கடக்கும் தூரத்தை இதில் நாம் சேர்க்கவில்லை.

வளைவிலும் கதை இதுவே. 100 மீற்றர் ஆரையுள்ள வளைவொன்றை வரண்ட வீதியில் மணிக்கு 94 கிலோமீற்றர் வரையில் வழுக்காது கடக்கலாம். பனிக்கட்டியில் 36ஐத் தொடுவதற்குள் வண்டி வளைவை விட்டு நேரே போய்விடும்.

அந்தச் சூத்திரத்தில் வண்டியின் திணிவு எங்கே என்று கூரிய மாணவர் கேட்பர். அது இரு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகின்றது. நம் பழைய மாணவர், வான் பாரமானது, ஆகவே வீதியை நன்றாகப் பற்றும் என்று நம்பியிருந்தாராம். பாரம் கூடினால் உராய்வு கூடுவது உண்மை. நிறுத்தவேண்டிய சக்தியும் அதே அளவு கூடிவிடுகின்றது என்பதே மற்றப் பாதி. நான்கு சில்லுகளையும் இயந்திரம் சுழற்றும் பெரிய வண்டிகளை வாங்கிவிட்டு இறுமாந்திருப்போருக்கும் இது பொருந்தும். நான்கு சில்லும் சுழல்வதால் புறப்படுவது எளிது. நிற்பதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை. 1978ஆம் ஆண்டு முதல் வண்டிகளிற் பொருத்தப்பட்டு வரும் பூட்டாத பிறேக், சில்லுகள் இறுகிவிடாமற் காத்து, வண்டியைத் திருப்ப இடந்தருகின்றது. இல்லாத உராய்வை அதுவும் படைக்க இயலாது.

உப்பும் மண்ணும்

குளிர் நாட்டு அரசாங்கங்கள் இதற்கெதிராகச் செய்யும் போரிற் பிரதான ஆயுதம், நம் அடுப்படியில் இருக்கும் உப்பேயாகும். கையால் சுற்றி ஐஸ்கிரீம் செய்த காலத்தில், பாற்பாத்திரத்தைச் சூழப் பனிக்கட்டியும் உப்பும் கொட்டியதை முதியோர் நினைவுகூர்வர். உப்புச் சேர்ந்த நீர் சைபரில் உறையாது. நூற்றுக்குப் பத்துப் பங்கு உப்புக் கரைந்த நீர், சைபருக்குக் கீழ் 6 பாகை வரையும் நீராகவே இருக்கும். அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலம் 1941, 42ஆம் ஆண்டுகளின் மாரிக்காலத்தில் வீதிகளுக்கு உப்பிடுவதைப் பொது வழக்கமாக்கியது. இன்று வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உப்பு லொறிகள் புறப்படாத மாரி கிடையாது. ஆனையிறவு உப்பை வெயிலில் விளைவித்து உண்ணும் நமக்கு, அத்தனை உப்பும் எங்கிருந்து வருகின்றது என்ற ஐயம் எழுவது இயல்பு. ஒன்ராறியோவில் கோடெரிச் என்னும் ஊரில் 1866ஆம் ஆண்டு மண்ணெண்ணெய் தேடித் துளையிட்டவர்கள் எண்ணெய்க்குப் பதிலாக உப்புப் பாறையைக் கண்டனர். ஹியூரன் ஏரியின் அடியிலே, நிலமட்டத்திலிருந்து அரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் இன்று அங்கே ஒரு பெரும் சுரங்கம் இருக்கின்றது. உலகத்தின் நிலக்கீழ் உப்புச் சுரங்கங்களுள் அதுவே மிகப் பெரிதென்பர்.

உப்புக்கும் எல்லை உண்டு. சைபருக்குக் கீழ் 10 பாகையைத் தாண்டினால் அது மந்தமாகிவிடும். அப்பொழுது கல்சியம் குளோரைட்டும், சில நகரங்களில் பீற்றூட் வகைக் கிழங்கின் சாறும் உப்பு நீருடன் கலந்து தெளிக்கப்படுகின்றன. மழை தூறினால் தெளித்தது கழுவுண்டு போகும். வண்டிகளின் இரும்பை அது அரிக்கின்றது. ஏரிகளின் நன்னீரைக் கெடுக்கின்றது. வேறு வழி தேடியவர்களும் உளர். ஜப்பானியர் டயரில் ஆணி பதித்து ஓடினர். ஆணிகள் தார் வீதியைச் சுரண்டி எழுப்பிய தூசி, நகர மக்களின் சுவாசப்பையை வருத்தியதால், 1990ஆம் ஆண்டிலே சட்டமியற்றி அதனை ஒழித்தனர். தூசி அடங்கிற்று, ஆணியற்ற டயர்கள் பனியைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியதால் சப்போரோ நகரத்து வீதிகள் முன்னரிலும் வழுக்கத் தொடங்கின. இப்பொழுது அந்நகரின் சந்திகளிலே மண் வைத்த பெட்டிகள் இருக்கின்றன. வழிநடப்போரே ஒரு பை மண்ணை எடுத்து நிலத்திற் தூவிக்கொண்டு செல்கின்றனர்.

வானத்திலிருந்தே உறைநீர் பொழிவதும் உண்டு. மேலே வெப்பமான காற்றுப் படையும் நிலத்தை அடுத்துக் குளிர்ந்த படையும் அமைந்துவிட்டால், மழைத்துளி உறைநிலைக்குக் கீழ் குளிர்ந்தும் உறையாமல் வந்து, எதனைத் தொடுகின்றதோ அதன்மேல் அக்கணமே கட்டியாகிவிடும். 1998ஆம் ஆண்டு ஜனவரியில் மொன்றியல் பகுதியில் இவ்வாறு நாட்கணக்கிற் பெய்தது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்களும் பெரும் உருக்குக் கோபுரங்களும் பனிக்கட்டியின் பாரத்தால் முறிந்து வீழ்ந்து, பல இலட்சம் மக்கள் இருளிலும் குளிரிலும் கிடந்தனர். 2013ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய நாட்களில் ரொறன்ரோவுக்கு அதே கதி நேர்ந்தது. ஸ்காபரோவிலே நம்மவர் வீடுகள் பலவும் அடுப்பெரிக்க வழியின்றி இருந்த அந்தக் கிழமையை அங்குள்ளோர் இன்றும் கூறுவர்.

பழகாதவர்க்கே கூடிய துன்பம்

2021ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதி, அமெரிக்காவின் தெற்கே, வெப்பத்துக்குப் பேர்போன ரெக்சாஸ் மாநிலத்தில், போர்ட் வேர்த் நகரத்துப் பெருந்தெரு ஒன்றில் நிகழ்ந்ததை நாம் மறக்க இயலாது. விடியுமுன் சிறு தூறல். இரண்டு நாட்களுக்கு முன்னரே உப்புநீர் தெளித்திருந்தனர். நிலத்துக்கு மேல் உயர்த்திக் கட்டப்பட்ட பகுதி உறைந்துவிட்டது. முதலில் வழுக்கியவர் நிற்க, அடுத்தவர் மோத, பின்னால் வந்தவர்கள் வேகத்தைக் குறைக்க இயலாமல் ஒருவர்மேல் ஒருவராக வந்து வீழ்ந்தனர். 130க்கு மேற்பட்ட வண்டிகள். 6 பேர் மாண்டனர். வேலைக்குச் சென்றுகொண்டிருந்த தாதியரும் அவ்வண்டிகளில் இருந்தனர். அவர்களிற் பெரும்பாலார் அனுபவமில்லாத சாரதிகள் அல்லர். இந்த வீதியை, இந்த நிலையிற் கண்டிராதவர்கள்.

பின்லாந்திலே வண்டியோட்டும் பத்திரம் பெற விரும்புவோர் வழுக்கும் தரையில் ஓட்டிப் பயிலவேண்டும் என்பது விதி. நாமோ யாழ்ப்பாணத்து வெயிலில் ஓட்டப் பழகிய பிள்ளையை, கப்பலேற்றிய காலம் போய் விமானமேற்றி, ஒரே நாளில் அந்த வீதியிற் கொண்டுபோய் விடுகின்றோம்.

அனுபவசாலிகள் கூறும் புத்திமதிகளுள் நமக்குச் சிறந்தவையாகப் பட்டன சில. வெப்பமானி 3 பாகைக்கு இறங்கியதும் வீதி உறைந்திருக்கின்றது என்றே கொள்ள வேண்டும். வீதி ஈரமாகத் தோன்றியும் முன்செல்லும் வண்டியின் சில்லிலிருந்து நீர் தெறிக்கவில்லையாயின் அது நீரன்று. டயரின் இரைச்சல் திடீரென அடங்கி, சுக்கான் கையில் இலேசாகிவிட்டால் பனியின்மேல் ஏறிவிட்டோம் என்பது நிச்சயம். அப்பொழுது, அவசரத்திற் செய்யத் தோன்றுவதெல்லாம் செய்யத்தகாதது. பிறேக்கை அழுத்தாமல், அக்சிலறேற்றரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, சுக்கானை நேராக வைத்திருந்தால், பெரும்பாலும் சில மீற்றரில் நல்ல வீதி வந்துவிடும். பின்புறம் இடப்பக்கம் விலகினால் சுக்கானையும் இடப்பக்கமே சிறிது திருப்ப வேண்டும். முன்செல்பவருக்கும் நமக்குமிடையே வழக்கத்திலும் பல மடங்கு தூரம் வேண்டும். வேகத்தைத் தானே பேணும் கருவியை அன்று தொடலாகாது. மோதல் நேர்ந்தபின் வண்டியை விட்டிறங்கி வீதியின் நடுவே நின்று சேதத்தைப் பார்வையிடுதல் மகா ஆபத்து. பின்னால் வருபவரும் அதே பனியில்தான் வருகின்றார். ஒன்றில் ஆசனப்பட்டியோடு உள்ளேயே இருத்தல் வேண்டும். அன்றேல் வேலிக்கு அப்பால் வெகுதூரம் விலகிவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலானது டயர். சாதாரண இறப்பர் 7 பாகைக்குக் கீழ் இறுகத் தொடங்கி, வீதியைப் பற்றும் தன்மையை இழந்துவிடுகின்றது. 1934ஆம் ஆண்டில் பின்லாந்தின் நொக்கியா என்னும் ஊரிலே லொறிகளுக்கென மாரிக்கால டயர் முதன்முதலாகச் செய்யப்பட்டது. இன்று அவ்வகை டயர்கள் குளிரிலும் மென்மை மாறாத இறப்பரால், நுண்ணிய வெட்டுகள் பல கொண்டு ஆக்கப்படுகின்றன. கறுப்புப் பனியை அவையும் முற்றாக வென்றுவிடா. ஆயினும் நிற்கும் தூரத்தைக் கணிசமாகக் குறைக்கின்றன. கியூபெக் மாகாணத்தில் டிசெம்பர் 1ஆம் திகதி முதல் மார்ச் 15ஆம் திகதி வரையில் அவை கட்டாயம். அடுத்துள்ள ஒன்ராறியோவிற் கட்டாயமில்லை. பொருத்துவோருக்குக் காப்புறுதிக் கட்டணத்திற் சிறு கழிவு மாத்திரம் உண்டு. நம் மாணவரின் வானிலே, 'எல்லாப் பருவத்துக்கும் உரியது' என்று பெயர் பொறித்த தேய்ந்த டயர்களே இருந்தன. சட்டம் கேட்கவில்லை, ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது, தங்கையின் கலியாணம் வேறு அடுத்த ஆவணியில். நான்கு டயர்களின் விலையை அவர் மிச்சம் பிடித்திருந்தார்.

இதனை அறிந்தபோது நமக்கு அவர்மீது கோபம் வரவில்லை. இங்கிருக்கும் நாம், "காசு எப்ப அனுப்புவாய்?" என்று தொலைபேசியிற் கேட்கின்றோம், "சாப்பிட்டாயா?" என்றும் கேட்கின்றோம். எந்த வீட்டிலாவது, "டயர் மாற்றினாயா?" என்று கேட்ட தாய் தந்தையரை நாம் கண்டதில்லை.

அவர் குணமாகி மீண்டும் வேலைக்குச் செல்கின்றார். நவம்பர் பிறந்ததும் மாரிக்கால டயர் பூட்டிய வானின் படமொன்றை ஆண்டுதோறும் நமக்கு அனுப்பி வைக்கின்றார். சென்ற மாதம், நம் வகுப்பிலே பயின்ற வேறொரு பிள்ளை கனடாவுக்குப் புறப்படுவதாக அவரது தாயார் வந்து கூறினார். கம்பளிச் சட்டை, காலுறை, மிளகாய்த்தூள், புளி, விபூதிப் பை என்று நீண்ட பட்டியல் ஒன்று கையில் இருந்தது. ஏதாவது விடுபட்டிருக்கின்றதா என்று கேட்டார். நாம் பேனாவை வாங்கி, கடைசியில், 'மாரிக்கால டயர் நான்கு' என்று எழுதிக் கொடுத்தோம். அம்மையார் அதை இருமுறை வாசித்துவிட்டு, "இதைக் கொழும்பிலையே மலிவாய் வாங்கிக் குடுத்துவிடலாமோ, சேர்?" என்று கேட்டார். அங்கே போய்த்தான் வாங்கவேண்டும் என்றோம். அப்படியானால் அதற்கு எவ்வளவு காசு கொடுத்துவிட வேண்டும் என்று, அந்த வரியின் அருகிலேயே எழுதித் தரச் சொன்னார்.